பதினோரு நாள் வீரன்

போன வாரம் என்னை ஒரு குழாய்க்குள் தள்ளினார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

'வந்துவிட்டேன்' என்பது என் மரியாதைக்காகச் சொல்வது. உண்மையில் கத்தினேன். இழுத்துப் போட்டார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான். உங்களில் பலர் எடுத்திருப்பீர்கள். எடுத்துவிட்டு, வெளியே ஒரு காபி குடித்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேலையைப் பார்த்திருப்பீர்கள். என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் நான் லேசுப்பட்ட ஆளா? இரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் சத்சங்கம் போகிறவன். 'நான் இந்த உடம்பு அல்ல' என்று இந்த வாராந்திரப் பத்தியில் குறைந்தது நாலு தடவை உங்களுக்கு எடுத்துச் சொன்னவன். உடம்பே இல்லாதவனுக்குக் குழாய்க்குள் என்ன இடநெருக்கடி?

இந்த வாரம் சொல்லப்போவது வெட்கக்கேடான விஷயம். வீட்டில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. உங்களிடமும் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களிடமும் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேனே...

முதலில் என் வலது காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதமாக இடுப்பு வலி. கோலார் தங்கவயலில் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போய், ஒரு கம்பெனி ஸ்டோரில் நாள் முழுக்க நின்று, திரும்பி வருகிறவனுக்கு இடுப்பு வலி வராவிட்டால்தான் அதிசயம். கண்டுகொள்ளவில்லை. வலி மெதுவாக வலது காலுக்கு இறங்கியது. ஒருநாள் பார்த்தால் வலியே இல்லை. முருகன் கண் திறந்துவிட்டான் என்று வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் ஸ்டேஷனில் பக்கத்தில் நின்றவர் என் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "இன்னா சார், ஒத்தச் செருப்போட ஆபீசுக்குக் கெளம்பிட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். வலது செருப்பைக் காணோம். எங்கேயோ ரோட்டில் கழன்றிருக்கிறது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் ஜல்லிமேல் நடந்ததும் தெரியவில்லை. தேங்காய் உடைத்தேனே, அது வலி போனதற்கு. போனது வலி மட்டும் இல்லை.

டாக்டர் ஒரு ஊசியை வைத்துப் பாதத்தில் அங்கங்கே குத்திப் பார்த்தார். பாதி இடத்தில் எனக்குத் தெரியவில்லை. நரம்பு எங்கேயோ அழுந்துகிறது, எங்கே என்று ஸ்கேன் பார்த்தால்தான் சொல்ல முடியும், பத்து நாளுக்குள் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். தள்ளிப்போட்டால்? பாதம் இப்படியே நின்றுவிடலாம், அப்புறம் ஆயுசுக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார். சொன்னது என்னிடம். பார்த்தது என் வீட்டம்மாவை. விஷயம் தெரிந்த டாக்டர்.

ஆக, போன வாரம் பெங்களூரில் ஸ்கேன் எடுக்கும் இடம். நான், என் மனைவி மல்லிகா, லீவு போட்டுவிட்டு வந்த பையன் கார்த்தி. அவனுக்குப் பெங்களூரில்தான் வேலை. ஸ்கேன் எடுக்கிற பெண், கன்னடம் கலந்த தமிழில், மூடின இடம் என்றால் பயம் இருக்கிறதா அங்கிள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் பையன் முந்திக்கொண்டான்.

"பயமா? எங்கப்பா கேஜிஎஃப் மைன்ஸ் மேடம். எண்பதாவது லெவல். பூமிக்குள்ள எட்டாயிரம் அடி போனவரு."

அந்தப் பெண்ணின் முகத்தில் அப்படி ஒரு மரியாதை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். மல்லிகா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அப்படி என்ன இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

உள்ளே படுக்க வைத்து, காதில் பஞ்சு வைத்து, கையில் ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்தாள். முடியாவிட்டால் அதை அமுக்க வேண்டுமாம். பலகை நகர்ந்தது. மூக்குக்கு மேலே நாலு விரல் உயரத்தில் கூரை. இரண்டு தோளும் இரண்டு பக்கமும் உரசுகிறது.

'நான் இந்த உடம்பு அல்ல' என்று ஆரம்பித்தேன்.

கை பந்தை அமுக்கியது. வாயும் சும்மா இல்லை.

தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாம் தடவை. இந்த முறை கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். 'பயம் யாருக்கு?' என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் வெளியே கிடந்தேன். மூன்றாம் தடவை பலகை நகரவே இல்லை, அதற்கு முன்பே அமுக்கிவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "ஏனூ ஆகல்லா அங்கிள், ஒன்னும் ஆகாது, இன்னைக்கு போய்ட்டு அடுத்த வாரம் வாங்க" என்றாள். எட்டாயிரம் அடி போனவருக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது தேவலை.

திரும்பி வருகிற ரயிலில் பையன் இல்லை, அவன் ரூமுக்குப் போய்விட்டான். பங்காருபேட்டையில் வண்டி நின்றபோது மல்லிகா வடை வாங்கிக் கொடுத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்க்கிற நேரத்தில் வடை வாங்கிக் கொடுத்தால் மனுஷனுக்குப் பயம் அதிகமாகுமா, ஆகாதா?

இந்த இடத்தில் எங்கள் சத்சங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டுப் பேர். நடத்துகிறவர் ரிடையரான போஸ்ட்மேன். பெரிய படிப்புக் கிடையாது. அந்த விஷயத்தில் அவருக்கும் எனக்கும் நல்ல பொருத்தம். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று.

"ஒரு எண்ணம் வந்திச்சின்னா அது பின்னாடி ஓடாதீங்க. இது யாருக்கு வந்திருக்குன்னு கேளுங்க. எனக்குன்னு பதில் வரும். சரி, அந்த 'எனக்கு'ன்னு கைநீட்டறது யாருன்னு உத்துப் பாருங்க. வேற ஒன்னும் வேணாம். தெருத்தெருவா முப்பத்தஞ்சு வருசம் நான் செஞ்ச வேலையே அதாங்க."

எவ்வளவு சுலபம் பாருங்கள்! அவ்வளவு சுலபமாக இருந்ததால் அதை நான் அடுத்தவர்கள்மீது பிரயோகித்துக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று மல்லிகா கத்தினால், "கோபம் யாருக்குன்னு பாரு மல்லிகா" என்பேன். "பசி யாருக்கோ அவங்க வந்து சமைக்கட்டும்" என்று கரண்டியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு வேளைச் சோறு போனதே தவிர, அவள் சொன்னதில் விசாரணை இருப்பதை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் விடிகாலை குளித்து, திருநீறு பூசி, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். நேற்று அந்தக் குழாய்க்குள் 'யாருக்கு?' என்று கேட்டபோது பதில் சொல்ல வந்தது யார்? நிஜமாகவே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன்.

கார்த்தியின் அப்பனா? அப்பனுக்கு அங்கே என்ன பயம். புருஷனா? ஸ்டோர்கீப்பரா? பத்தி எழுதுகிறவனா? ஒவ்வொருத்தனாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் ஒருத்தன் வந்தான், நகர மாட்டேன் என்றான். தலையில் ஹெல்மெட், ஹெல்மெட்டில் லாம்ப். எட்டாயிரம் அடி இறங்கினவன். அவமானம் அவனுக்குத்தான். குழாய்க்குள் அவனுக்குத்தான் மூச்சு முட்டியது. ஒரு ஊரே அவனை நம்புகிறது, அவனோ கத்துகிறான்...

ஆனால் அப்படி ஒருத்தன் கிடையவே கிடையாது. இதுதான் உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

சுரங்கத்தில் வேலை செய்தேன், அது நிஜம். மூடுகிற வரைக்கும் செய்தேன். ஆனால் பூமிக்கு மேலே, லாம்ப் ரூமில். கீழே போகிறவர்களுக்குத் தொப்பியில் மாட்டுகிற லாம்ப்பை எடுத்துக் கொடுப்பது, ஷிப்ட் முடிந்து வந்தால் வாங்கிச் சார்ஜில் மாட்டுவது. அதற்கு முன்னால் இரண்டு வருஷம் அண்டர்கிரவுண்டில் இருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மேலே எடுத்துக்கொண்டார்கள் — இப்படித்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பையனிடம், ரயில் சிநேகிதர்களிடம், உங்களிடம்.

இரண்டு வருஷம் இல்லை. பதினோரு நாள்.

ஆட்களை இறக்குகிற இரும்புக் கூண்டைத்தான் நாங்கள் கேஜ் என்போம். உள்ளே ஆளோடு ஆள் ஒட்டி நிற்க வேண்டும். கதவை இழுத்துச் சாத்துவார்கள். மணி அடிக்கும். அப்புறம் காலுக்குக் கீழே தரை போய்விடும். காது அடைத்து, வயிறு தொண்டைக்கு வந்து, சூடான காற்று கீழேயிருந்து முகத்தில் அடிக்கும். முதல் நாள், எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன். ஒருத்தர் கொட்டாவி விட்டார். ஒருத்தர் நின்றபடியே தூங்கினார்.

பதினோராம் நாள் முடியவில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையை முதுகுப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தமாகவே அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே போய்க் கதவு திறந்ததும் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அங்கிருந்தவரிடம், இவனை அடுத்த ட்ரிப்பில் மேலே அனுப்பிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தார். அதோடு சரி. ஒரு நல்ல அதிகாரி இரக்கப்பட்டு லாம்ப் ரூமில் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்துப் பெண் பார்க்க, பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டுக்குப் போனேன். காபி வந்தது, பெண் வந்தாள், பெண்ணின் அண்ணன் வந்து "வாங்க" என்று கும்பிட்டார்.

அதே ஆள். கஜேந்திரன். நான் பிடித்து அழுத சட்டைக்குச் சொந்தக்காரர்.

காபி புரையேறியது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடையாளம் தெரிந்த மாதிரியே இல்லை. கேஜில் இருட்டு, நானும் பின்னால்தானே நின்றேன், தெரிந்திருக்காது. முருகா, காப்பாற்றினாய் என்று அன்றைக்கும் ஒரு தேங்காய். (என் தேங்காய்கள் எல்லாமே இந்த லட்சணம்தான்.)

அன்றிலிருந்து அவர் எனக்கு மச்சான். அவருக்குத் தெரியவில்லை என்ற தைரியத்தில் என் கதை வளர்ந்தது. ஐம்பதாவது லெவலில் ஆரம்பித்து எண்பதுக்கு வந்தது. சுரங்கம் மூடி, ஆளுக்கொரு திசையாய்ப் போன பிறகு, கேட்க ஆளும் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்று எங்கே கூடினாலும் நான் ஆரம்பிப்பேன். மச்சான் மட்டும் அந்த நேரம் பார்த்துக் கைகழுவ எழுந்து போவார். சாப்பிடுவதற்கு முன்னாலும் எழுந்து போவார்.

போன வருஷம் இந்தப் பத்தியில், எண்பதாவது லெவலில் என் லாம்ப் அணைந்துபோய் மூன்று மணி நேரம் இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்ததை எழுதினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'கையைக் கண்ணுக்கு முன்னால் நீட்டினாலும் தெரியவில்லை, ஆனால் நான் இருப்பது மட்டும் தெரிந்தது' என்று. அதற்குத்தான் உங்களிடமிருந்து நிறையக் கடிதம் வந்தது. ஒரு அம்மா, படித்துவிட்டு அழுதேன் என்று எழுதியிருந்தார்.

அது மச்சானுக்கு நடந்தது. பொங்கலன்று அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது அவர் வாயால் சொன்னது. அப்படியே எடுத்து 'அவர்' வந்த இடத்திலெல்லாம் 'நான்' போட்டேன். பத்தி வந்த அன்று மச்சான் போன் செய்தார். "நல்லா எழுதிகீறீங்க மாப்ள. ஆனா அந்த எடத்துல தண்ணி சொட்டிக்கினே இருக்கும். அத வுட்டுட்டீங்க" என்றார். அவ்வளவுதான்.

ஆத்ம விசாரம் செய்கிறவன் 'நான்' என்பதைத் தேடி உள்ளே போக வேண்டும். நான் அடுத்தவருடைய 'நானை'த் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் வைத்திருக்கிறேன். பிறகு எங்கே தேடினால் கிடைக்கும்?

மல்லிகாவிடம் சொல்லிவிடுவது என்று சாமி படத்துக்கு முன்னால் முடிவு செய்தேன். சொன்னால் பையனுக்குப் போகும். மச்சானுக்கும் போகும். போகட்டும். ஆனால் இந்த ஆளை உள்ளே வைத்துக்கொண்டு மறுபடி அந்தக் குழாய்க்குள் போக முடியாது. இரண்டு பேருக்கு அங்கே இடம் இல்லை. போகாவிட்டால் கால் இல்லை.

நல்ல விஷயம் பேச நல்ல நேரம் பார்க்க வேண்டும். நான் பார்த்த நேரம், எங்கள் தெருவில் தண்ணீர் வந்த நேரம். எங்கள் ஊரில் தண்ணீர் வருகிற அன்று வேறு எதுவும் நடக்காது. எனக்குக் குடம் தூக்கத் தடை என்பதால், டிரம்மில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம். மல்லிகா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குடங்களை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"மல்லிகா, நான் அண்டர்கிரவுண்டுல ரெண்டு வருசம் இருந்தேன்னு சொன்னது பொய்" என்றேன்.

"பைப்ப எறக்கிப் புடிங்க, தண்ணி வெளிய போவுது."

இறக்கிப் பிடித்தேன். "பதினோரு நாள்தான். கேஜுல அழுதுட்டேன். உங்கண்ணன் சட்டையப் புடிச்சிக்கினு."

"தெரியும்" என்றாள். குடத்தைக் கீழே வைத்தாள். "நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும்."

தண்ணீர் எங்கே போயிற்று என்று இப்போது எனக்குத் தெரியாது. அவளும் பைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்கப்பா கீழ போயி போயி நெஞ்சு பூரா தூசி. கடசீல படுக்க முடியாது, படுத்தா மூச்சு வராது. உக்காந்துக்கினேதான் தூங்குவாரு. அதப் பாத்துட்டுதான் அண்ணங்கிட்ட சொன்னேன், கீழ போறவனுக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்னு. இந்த ஊர்ல அப்படி மாப்ளைக்கு நான் எங்க போவேன்னு அண்ணன் திட்டிச்சி. அப்புறம் ஒருநாள் ஷிப்ட் முடிஞ்சி வந்து சட்டையக் காட்டிச்சி. முதுகுல கசங்கி, தையல் வுட்டுக் கெடந்திச்சி. ஒருத்தன் கெடச்சிகீறாம்மா, ஜென்மத்துக்கும் இனி கீழ போவ மாட்டான், ஒனக்கு அவந்தான்னு சொல்லிச்சி."

நிரம்பின குடத்தை நகர்த்திவிட்டு அடுத்ததை வைத்தாள்.

"அந்தச் சட்டைய நான்தான் தெச்சிக் குடுத்தேன்."

முப்பது வருஷம். நான் எதை ஒளித்து ஒளித்து வைத்தேனோ, அதைப் பார்த்துத்தான் என்னைக் கட்டியிருக்கிறாள். அந்த ஹெல்மெட்காரன் மட்டும் நிஜமாக இருந்திருந்தால் எனக்கு அன்றைக்குக் காபியே கிடைத்திருக்காது!

அப்புறம் ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக்கினு இருந்தீங்க. மத்த அப்பனுங்க புள்ளைக்கு ராஜா கத சொல்றானுங்க. நீங்க இது சொல்றீங்க, இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "லாம்ப் ரூம்ல ஒரு லாம்ப் திரும்பி வரலன்னா, அந்த ஆளு மேல வர்ற வரிக்கும் ஷிப்ட் முடிஞ்சும் அங்கயே நிப்பீங்க இல்ல. அத யாருக்கும் சொன்னதில்ல நீங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லிகீறேன்."

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "ஆனா அந்த ஸ்கேன்காரப் பொண்ணுகிட்ட இன்னொருவாட்டி வீரன் வேசம் போட்டீங்க, அவ்ளோதான். கால் போயிடும்."

இந்தத் திங்கட்கிழமை மறுபடி போனோம். காலையில் பூஜை முடித்துவிட்டு வந்த மல்லிகாவின் கழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தாலிச் சரடு இல்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கட்டியிருந்தாள். தோடு இல்லை, வளையல் இல்லை, தலையில் ஹேர்பின்கூட இல்லை. இரும்போ தங்கமோ எதுவும் உடம்பில் இல்லாவிட்டால் கூட ஒருத்தர் உள்ளே இருக்கலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாளாம். போன தடவையே, எனக்குத் தெரியாமல், மல்லிகா கேட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வடை வாங்கிக் கொடுத்தாளே, அதற்கு முன்னாலேயே.

ஸ்கேன் அறை வாசலில் கார்த்தி மறுபடி ஆரம்பித்தான். போன வாரம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை மேடம், இல்லாவிட்டால் மைன்ஸில் எண்பதாவது லெவல்...

"இல்லம்மா" என்றேன். "பதினோரு நாள்தான் போனேன். அழுதுட்டேன். மேல லாம்ப் ரூம்ல போட்டுட்டாங்க. எனக்கு மூடின எடம்னா ரொம்ப பயம்."

சொல்லிவிட்டேன். கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. அந்தப் பெண், அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அங்கிள், நிறையப் பேருக்கு இருக்கிறதே என்று ஒரு மெத்தென்ற துணியை மடித்து என் கண்மேல் வைத்துக் கட்டினாள். இவ்வளவுதான் வைத்தியம்.

கார்த்திதான் அப்படியே நின்றான். "அப்ப அந்த லாம்ப் அணைஞ்சது?"

"உங்க மாமாவுது."

"யப்பா... வேலைக்கு இன்டர்வியூல என் ரோல் மாடல் யாருன்னு கேட்டாங்க. நான் அந்தக் கதையத்தாம்பா சொன்னேன்."

"வேல குடுத்தாங்க இல்ல?" என்றாள் மல்லிகா. "போயி சேர்ல உக்காரு."

பலகை நகர்ந்தது. என் பாதம் இரண்டும் குழாய்க்கு வெளியே. வலது பாதத்தை மல்லிகா பிடித்துக்கொண்டாள். பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. சத்தம் ஆரம்பித்தது. ஆயிரம் சுத்தியல் ஒன்றாய் அடிக்கிற சத்தம். பயம் வந்தது. அதே பயம், ஒரு பிடி குறையாமல் வந்தது.

யாருக்கு என்று கேட்டேன்.

சாமி படத்துக்கு முன்னால் கேட்டபோது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒருத்தன் எழுந்து வந்தான் அல்லவா? இந்தத் தடவை அவன் வரவில்லை. கேள்வி உள்ளே போனது, கைநீட்டி வாங்க அங்கே ஆளைக் காணோம். பயம் இருந்தது. நெஞ்சு அடித்தது. அடிப்பது தெரிந்தது. தெரிந்துகொண்டிருந்ததே ஒன்று, அது அடிக்கவில்லை. அது சும்மா இருந்தது. அதற்குக் குழாய் ஒன்றும் சின்னதாக இல்லை. அது புதிதாக வந்ததும் இல்லை. கேஜில் அழுதேனே, அப்போதும் அது இருந்திருக்கிறது. கவனிக்க எனக்குத்தான் நேரம் இல்லை.

இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்தவர்கள் சரியான வார்த்தை வைத்திருப்பார்கள்.

எவ்வளவு நேரம் இருந்தது? நாலு நிமிஷம் இருக்கலாம். அப்புறம் உள்ளே ஒரு குரல் கேட்டது: 'அடடா, இதை இந்த வாரம் எழுதினால் கடிதமாக வந்து குவியும்!'

போச்சு. ஹெல்மெட்காரன் காலி செய்த இடத்தில் பத்தி எழுதுகிறவன் பாய் விரித்துவிட்டான். மிச்ச நேரம் முழுக்க எனக்கு மூக்கு அரித்தது.

ஆனால் பந்தை அமுக்கவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்புக்கு நடுவில் இருக்கிற மெத்தை ஒன்று பிதுங்கி நரம்பை அமுக்குகிறதாம். இப்போதைக்குக் கத்தி வேண்டாம், மாத்திரையும் பயிற்சியும் போதும், நேரத்தோடு வந்தீர்கள், பாதம் தப்பிவிடும் என்றார். இந்தத் தடவையும் என்னிடம் சொல்லிவிட்டு மல்லிகாவைத்தான் பார்த்தார்.

வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுரங்கத் தூசியில் இரைக்கிற மூச்சுக்கு நடுவில் சிரித்தார். ஆகவே வாசகர்களே, அந்த இருட்டுக் கதைக்கு நீங்கள் அனுப்பிய பாராட்டெல்லாம் பாலகாட்டில் இருக்கிற அவருக்குச் சேர வேண்டியது. கடிதங்களைக் கட்டி நானே கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். அங்கே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

கோரமண்டலில் இறங்கி நடந்தோம். காலில் பின்பக்கம் பட்டை வைத்த புதுச் செருப்பு, மல்லிகா வாங்கியது. குழாய்க்குள் எனக்கு நடந்ததை அவளிடம் சொன்னேன். பயம் ஒரு பக்கம் இருக்க, நான் எவ்வளவு அமைதியாக இருந்தேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு உள்ள ஒன்னும் தெரியலீங்க. கால் மட்டும்தான் தெரிஞ்சிது. மொதல்லேர்ந்து கடசி வரிக்கும் நடுங்கிக்கினே இருந்திச்சி."

"அந்த மரத்துப்போன காலா?"

"அதான். நல்லா நடுங்கிச்சி."

நடுங்கட்டும். பிடித்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறதே.